வேனின் முதுகு

முதலில் கண்களைச் சுரண்டினாள்.

கண்கள் போய்விட்டால் மற்றது சுலபம் என்று நினைத்தாள். அப்படி ஒன்றும் இல்லை. மூக்கு இருந்தது. சிரிப்பு இருந்தது. ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பள்ளி மைதானத்தில் யாரும் இல்லை. கையில் பாதி பிளேடு. காலடியில் ஒரு வாளி வெந்நீர், மண்ணெண்ணெயில் நனைத்த துணி. எதிரே பள்ளி வேனின் பின்பக்கம்.

படத்தில் இருப்பதும் அவள்தான். பதினேழு வயதில்.

பெ. மைதிலி. 1173/1200. எங்கள் பள்ளியின் பெருமை.

ஒன்பது வருஷமாக அந்த வேன் அவளை முதுகில் ஒட்டிக்கொண்டு ராசிபுரத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்கெல்லாம் போய் வந்தது. அவள்தான் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

இன்ஜினியரிங் முடித்தாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு வருஷம் முகம் தெரியாதவர்களின் வசவைக் கேட்டாள். அந்தக் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். அரசுத் தேர்வு மூன்று முறை எழுதினாள். கடைசி முறை அரை மார்க்கில் போயிற்று.

ஆமாம், அரை மார்க்.

வேனை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா.

டீக்கடையோ, கோயிலோ, பெட்ரோல் பங்க்கோ, எங்கே நிறுத்தினாலும் வேனின் மூஞ்சியைச் சுவரைப் பார்க்க விட்டு, முதுகு ஜனங்களைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்துவார். திரும்ப எடுக்கும்போது படாதபாடு படவேண்டும். அதெல்லாம் அவருக்கு ஒரு கஷ்டமே இல்லை.

"பெரியசாமியண்ணன் பொண்ணைக் கூட்டியாந்துட்டாரு. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடா."

டீக்கடையில் இப்படித்தான் சொல்வார்கள். அவர் காதில் அது கிண்டலாக விழுந்ததே இல்லை.

வீட்டில் வேறு பேச்சு.

"எட்டாவது பெயிலானவன் நானு. பத்தொம்பது வயசுல ஸ்டேரிங் புடிச்சுட்டேன். இத்தனை மார்க்கு வாங்குன உனக்கு வேலை இல்லீன்னா, நீ தேடற லட்சணம் அப்படி."

போன வாரம் இந்தப் பள்ளிக்கே வந்து கேட்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. மாதம் பதினோராயிரம். தாளாளர் நல்ல மனுஷர். டீ வரவழைத்துக் கொடுத்தார். அவள் குடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம்தான் சொன்னார்.

"வேன்ல இருக்கற புள்ளயே இங்க வந்து சாக்பீஸ் புடிச்சா, பீஸ் கட்டறவங்க என்னம்மா நினைப்பாங்க? படத்தை எடுத்தறலாம். திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்க."

தலையாட்டினாள்.

படத்தை எடுக்கும்படி அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சரிங்க என்றார். மூன்று நாளாகியும் எடுக்கவில்லை. மகளிடம் பேசவும் இல்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவி வைத்தார்.

நாளைக்குத் திங்கட்கிழமை.

சிரிப்பு லேசில் வரவில்லை. வெந்நீர்த் துணியை அதன்மேல் வைத்து அழுத்திக் கொஞ்ச நேரம் நின்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் வைப்பதுபோல.

பெயரைக் கடைசியில் எடுத்தாள்.

எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

ஒன்பது வருஷ வெயிலில் வேனின் மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. படம் இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் நேற்று அடித்ததுபோல் இருந்தது. தலை. தோள். இரண்டு சடை.

முகம்தான் இல்லை. ஆள் அப்படியே நின்றாள்.

புதுப் படத்தை அலுவலகத்தில் சுருட்டி வைத்திருந்தார்கள். த. ஓவியா. 594/600. அதே ரிப்பன், அதே சிரிப்பு. குமிழி விழாமல் கட்டைவிரலால் நீவி நீவி ஒட்டினாள். ஓவியாவுக்குத் தலை கொஞ்சம் சின்னது. அடியில் இருந்த மஞ்சள் ஓரமெல்லாம் மீந்து, சாமி படத்தில் தலையைச் சுற்றிப் போடுவார்களே, அப்படித் தெரிந்தது.

ஞாயிறு சாயங்காலம் வேன் கழுவுகிற நேரம். அப்பா குழாயடியில் வாளியை வைத்துவிட்டு வந்தார்.

நின்றார்.

புதுப் பெண்ணை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தப் புள்ள என்ன படிக்கப் போகுதாம்?"

மூன்று நாளைக்குப் பிறகு அவளிடம் பேசிய பேச்சு இதுதான்.

"நான் படிச்சதேதானுங்கப்பா."

"அப்ப நல்லா வந்துரும்."

சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் மகளின் விரல்களைப் பார்த்தார். நகக்கண்களில் பசையோடு பசையாக அவளுடைய பழைய முகத்தின் துணுக்குகள்.

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. போய்க் குழாயை மூடினார். வேனைக் கழுவவில்லை. ஏறி உட்கார்ந்து கிளப்பினார்.

அவள் கேட் வரைக்கும் நடந்தாள்.

எதிரே டீக்கடை. வேன் சாலையைக் கடந்தது. வழக்கமான இடத்துக்கு வந்ததும் நின்றது. இன்ஜின் உடனே அணைந்துவிடவில்லை. ரிவர்ஸ் விளக்கு எரிந்தது.

கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய், சுவருக்கும் வேனின் முதுகுக்கும் நடுவே ஒரு கை நுழையாத அளவுக்கு ஒட்டி நிறுத்தினார்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

ஏதாவது தெரிகிறதா என்று.