பூட்டின வீடு

"பூட்டின வீட்டுக்கு மூணு தடவை போகணுமா? நான் என்ன வட்டிக்காரனா மேடம்?"

சம்பளக் கணக்கெடுப்பு ஆபீஸே கொல்லுன்னு சிரிச்சுது. கேட்டது புள்ளி. பதினாறு வருஷமா வீடு வீடாப் போய் ஃபாரத்துல புள்ளி வச்சு வச்சு, அதுவே பேராயிடுச்சு.

மேடம் சிரிக்கல. "லிஸ்ட்ல வந்த வீடு பூட்டியிருந்தா பக்கத்து வீட்ல எழுதிட்டு வந்தீங்க. இனிமே அதே வீடுதான். நேரம் மாத்திப் போங்க. ஒவ்வொருத்தரையும் நேரா கேளுங்க."

"பக்கத்து வீட்டுக்காரனும் மனுஷன்தானே மேடம்? ஒண்ணும் புரியலையே!"

"வீட்ல எல்லாரும் வேலைக்குப் போயிருந்தா யாருங்க கதவைத் திறப்பாங்க? அவங்க சம்பளத்தை யாரு எழுதறது?"

புள்ளிக்கு இன்னும் குழம்புச்சு. வெளியில வந்ததும், கூட வேலை பாக்குற அக்காகிட்ட மேடம் குரல்லயே பழிச்சுக் காட்டினார். "'நேரம் மாத்திப் போங்க!' வீட்டைப் பூட்டிட்டு ஊர் சுத்துற கூட்டத்துக்கு என்னா மரியாதை! என் வீட்டுக்காரியைப் பாருங்கக்கா, வாசப்படி தாண்ட மாட்டா. என் ஒரு சம்பளத்துல ராணி மாதிரி குடும்பம் நடத்துறா. எப்படின்னு எனக்கே புரியாது!"

நாலு நாள் கழிச்சு, சாயங்காலம் ஆறு மணிக்குப் புள்ளி வீட்டுக் கதவைத் தட்டினது அதே அக்கா. கையில ஃபாரம்.

"உங்க வீடு என் லிஸ்ட்ல வந்திருக்கு தம்பி. இது மூணாவது தடவை. காலைலயும் பூட்டு, மதியமும் பூட்டு."

"என் வீடா? பூட்டா?" புள்ளிக்குத் தலை சுத்துச்சு. "நம்பரை ஒழுங்கா பாருங்கக்கா. சரி, எழுதுங்க. எனக்கு வேலை. அவ வீட்ல சும்மாதான்."

"நேரா கேக்கணுமாம். ஏம்மா, வேலைக்குப் போறியா?"

மனைவி கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. "போறேன்க்கா. ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிற இடத்துல. மூணு வருஷமாச்சு. இவர் ஏழரைக்குக் கிளம்பினதும் போனா, வர்றதுக்குள்ள திரும்பிடுவேன்."

"சொல்லவே இல்லையே!"

"ஒரு சம்பளம், ஒரு சம்பளம்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

புள்ளி ஃபாரத்தை எட்டிப் பாத்தார்.

அக்கா பேனாவை எடுத்தாங்க. "சம்பளம் எவ்வளவும்மா?"

மனைவி திரும்பி, "ஏங்க, அக்காவுக்குத் தண்ணி கொண்டு வாங்களேன்"ன்னா.

அவர் உள்ள போற வரைக்கும் பொறுத்திருந்துட்டு, ஃபாரத்துக்கிட்ட குனிஞ்சா.

"சின்ன எழுத்துல எழுதுங்கக்கா. அவரோடதைவிட ஜாஸ்தி."