விதை காத்த பாட்டில்

தோட்டக்காரி மாதி, பூத்துக் காய்ந்த சிவப்பு லெட்யூஸ் கீரைச் செடியின் விதைகளைக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் உதறினாள். அந்த இனத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு செடிதான்.

"எங்க வம்சமே இனி உன் வயித்துலதான் இருக்கு. பத்திரமாப் பாத்துக்கோ" என்றது செடி.

பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டது.

அடுத்த பருவத்தில் மாதி வந்து மூடியைத் திருகினாள். "அண்ணே, விடுங்க. மண்ணுக்குப் போறோம்" என்று விதைகள் குதித்தன.

"வெளிய எறும்பு இருக்கு, நத்தை இருக்கு. இந்த வருஷம் வேண்டாம்" என்று பாட்டில் பல்லைக் கடித்துக்கொண்டது. கை வலிக்கத் திருகிப் பார்த்த மாதி, முள்ளங்கி விதையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒவ்வொரு பருவமும் இதே கதைதான். போகப்போக விதைகளின் சத்தம் குறைந்தது. பிள்ளைகள் சொல்பேச்சு கேட்கிறார்கள் என்று பாட்டிலுக்கு ஒரே பெருமை.

கடைசியில் மாதி கத்தியின் முதுகால் மூடியைத் தட்டித் தட்டித் திறந்தேவிட்டாள். விதைகளைத் தூவிவிட்டு, வெறும் பாட்டிலைப் பாத்தி ஓரமாக வைத்தாள். பாட்டில் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. களை முளைத்தது. கீரை ஒன்றுகூட முளைக்கவில்லை.

மாதி மண்ணைக் கிளறினாள். "எல்லாம் பழசாகிச் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. பாட்டிலின் அடியில் ஒரே ஒரு விதை ஒட்டியிருந்தது.

"நல்ல மழைம்மா. மூடிகூட இல்ல. நீயாவது போயேன்" என்று கெஞ்சியது பாட்டில்.

விதை குதிக்கவில்லை. நிறைந்து வழிந்த மழைத்தண்ணீர்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டது.