இலவச டிரையல்

பனியன் கம்பெனியின் வெப்சைட்டை எங்கே ஹோஸ்ட் செய்வது என்று மேகலாவுக்குக் குழப்பம். மூன்று நிறுவனங்களில் இலவசமாக ஏற்றிப் பார்த்தாள். வேகமாகத் திறந்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டிலும் கணக்கை மூடினாள். மூடுகிறவர் ஒரு விரல் தர வேண்டும் என்ற நிபந்தனைக்கு, எல்லோரையும் போலப் படிக்காமலே சம்மதித்திருந்தாள்.

மறுநாள் காலை வந்த வசூல்காரன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அவள் கையை டைனிங் டேபிளில் அழுத்தி, சுண்டுவிரலை ஒரே வெட்டில் எடுத்தான். இட்லித் தட்டு வரை ரத்தம் தெறித்தது.

"ரெண்டு கம்பெனிக்கும் நானேதானுங்க. அடுத்தது, சண்முகவடிவேல் யாருங்க?"

மேகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது நிறுவனத்தில் அவளுடைய இலவசம் முன்பே தீர்ந்துபோயிருந்ததால், கணவனின் மெயிலைக் கொடுத்திருந்தாள்.

துணி சுற்றிய கையை மறுபடி மேஜைமேல் வைத்தாள். "அவரு டெய்லருங்க. என்னோடதையே இன்னொண்ணு எடுத்துக்குங்க."

"மெயில் அவரோடதுங்களே அக்கா."

சத்தம் கேட்டுத் தையல் மெஷினை விட்டு ஓடிவந்த சண்முகவடிவேலின் முகத்தில் ஒரு குத்து விழுந்தது. கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வசூல்காரன் அவன் கட்டைவிரலை மேஜையோடு சேர்த்து அழுத்தினான்.

"நான் எதுல சேந்தேன், மேகலா?" என்றான் சண்முகவடிவேல்.