வகுப்பு மீன்

குளிர்கால விடுமுறையின் நான்காம் நாள். பார்த்துக்கொள்வதற்காக மகள் பள்ளியிலிருந்து எடுத்துவந்த அவளது இரண்டாம் வகுப்பின் தங்கமீன், சாப்பாட்டு மேசைமேல் கண்ணாடித் தொட்டியில் அசையாமல் நிற்கிறது. 'நாளுக்கு ஒரு சிட்டிகை மட்டும்' என்று டீச்சர் ஒட்டிய சீட்டு ஓரத்தில் உரிந்திருக்கிறது. ஜன்னலில் பனிப்புகை, தண்ணீரும் அதேபோல் கலங்கிக் கிடக்கிறது. அப்பா ஸ்வெட்டர் கையை ஏற்றிவிட்டுத் தீனி டப்பாவைத் திறக்கிறார். மகள் சட்டென்று தொட்டியின் வாயை உள்ளங்கையால் மூடுகிறாள். "அம்மா காலையிலயே போட்டுட்டாங்கப்பா. நேத்தும் ரெண்டு பேரும் போட்டீங்க."

"தெரிஞ்சிருந்தா நான் ஏன் போடப்போறேன்? சொல்லச் சொல்லு உங்கம்மாவை."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நிற்கிறது. "வாயைத் திறந்து கேட்டா சொல்லமாட்டேனாமா? கேளுடி உங்கப்பாவை."

பத்தடி தூரத்துக்கு நான்கு நாளாக மகள்தான் தபால்காரி. இந்த முறை அவள் வாயே திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. அப்பாவின் விரலிடுக்கில் தீனி நசுங்குகிறது. அடுப்பில் ஏதோ அடிபிடிக்கும் வாசனை, யாரும் நகரவில்லை. விளிம்புவரை நிறைந்த நீரில் மீன் மெல்ல மேலேறி வருகிறது. நனைந்த அந்த உள்ளங்கைக்குக் கீழே, சத்தமில்லாமல், வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.