தொண்ணூறு நாள் கெடு

"தொண்ணூறு நாளா டேட்டாபேஸ் பக்கம் தலைவச்சுப் படுக்காதவங்க லாகினையெல்லாம் மூடிடும்மா," என்றார் மேலாளர்.

பட்டியலைப் பார்த்த டேட்டாபேஸ் நிர்வாகி தயங்கினாள். "எல்லாத்தையுமா சார்?"

"யார் எவர்னு பார்க்காதே. தயவு தாட்சண்யமே கூடாது."

பதினேழு லாகின்களை அன்றே மூடினாள்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி கூட்டம் போட்டார். மேலாளர் மார்தட்டினார். "தினமும் காலையில நானே டேட்டாபேஸுக்குள்ள போய் ஒரு நோட்டம் விட்டுட்டுத்தான் சார் மறுவேலை. ஈ, காக்கா நுழைய முடியாது."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "லாகின் போனவங்க யாரும் சண்டைக்கு வரலையா?"

"பதினாறு பேர் வந்து கத்தித் திரும்ப வாங்கிட்டாங்க சார். ஒருத்தருக்கு மட்டும் லாகின் போனதே இன்னும் தெரியாது."

"யாரது?"

"தினமும் காலையில உள்ள போய் நோட்டம் விடுறவர்தான் சார்."