கருஞ்சிவப்புத் துணி

போதகர் "சர்ப்பம்" என்று மூன்றாம் முறையாக முழங்கியபோது, முன்வரிசையில் நின்றிருந்த ஜனாயா விழுந்தாள்.

ஆர்கன் இசை ஒரு கணமும் தயங்கவில்லை. அந்தக் கறுப்பினத்தவர் சபையில் விழுவது புதிதன்று. பரிசுத்த ஆவி இறங்கினால் மனிதர்கள் விழுவார்கள். விழுந்தவர்களை யாரும் தொடக்கூடாது. தாமாக எழும்வரை காத்திருக்க வேண்டும்.

பெண்கள் விழுந்தால் கால்களை மூடுவதற்கென்றே கருஞ்சிவப்புத் துணிகள் உண்டு. அவற்றைத் துவைத்து, மடித்து, ஞாயிறுதோறும் தோளில் இட்டுக்கொண்டு நிற்பவள் வெர்னெட்டா. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, நெஞ்சில் 'ஆலயச் செவிலி' என்னும் வில்லை. மற்ற நாள்களில் அவள் டெட்ராய்ட் நகரத்து விடுதி ஒன்றில் போர்வை துவைப்பவள், மருத்துவம் படித்தவளல்லள்.

விழுந்தவள் அவளுடைய மகள். பதினாறு வயது.

வெர்னெட்டா ஓடவில்லை, நடந்தாள். துணியை உதறி, மகளின் கால்களின்மேல் விரித்தாள். அவள் கண்கள் நிறைந்தன.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஜனாயா பேசுவதில்லை. தலைமுடியைப் பின்னிக்கொள்வதில்லை. பள்ளிவிட்டு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்; காரணம் கேட்டால் தோளைக் குலுக்குவாள். மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லும்படி பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வெர்னெட்டா அதைப் போதகரிடம் காட்டினாள்.

"அடிமைச் சங்கிலியையே அறுத்துக்கிட்டு வந்த சனம்மா நாம. மனசு சரியில்லன்னு மாத்திரை திங்கிற சனமா?" என்றார் அவர்.

கடிதம் அவளுடைய வேதாகமத்துக்குள் பக்க அடையாளமாயிற்று.

இதோ, மாத்திரையின்றியே பிள்ளை குணமாகிறாள். திங்கட்கிழமை முதல் முழங்காலில் நின்று வெர்னெட்டா கேட்டது ஒன்றே ஒன்று. அது இன்று, இளையோர் ஞாயிறன்று, போதை ஒழிப்புப் பிரசங்கத்தின் நடுவே, ஊரறிய அருளப்பட்டுவிட்டது. மேடைக்குப் பின்னால் தொங்கிய பதாகையில் 'போதைக்கு இங்கே இடமில்லை' என்ற எழுத்துகளைத் தீட்டியவளும் ஜனாயாதான்.

மகளின் தொண்டையிலிருந்து ஆழ்ந்த குறட்டை எழுந்தது. ஈரமான குறட்டை.

அடுத்த வரிசையில் இருந்த சிஸ்டர் பியூலா, விசிறியால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"நம்ம பாஸ்டர் பிரசங்கத்துல கொறட்ட விடுறதுக்கு ஆவி வேற எறங்கி வரணுமாக்கும்? எம் புருசனுக்கு அது தானாவே வருது!"

வெர்னெட்டாவும் சிரித்துவிட்டாள். ஐந்து மாதங்களில் அது அவளுடைய முதல் சிரிப்பு.

போதகர் போதை என்னும் சர்ப்பத்தின் தலையை நசுக்கி முடித்தார். இளையோர் எழுந்து, வலக்கையை உயர்த்தி, போதையைத் தொடமாட்டோம் என்று ஒரே குரலில் உறுதிமொழி கூறினார்கள். கேட்பதற்கு இனிமையாக இருந்தது. பெரியவர்கள் கைதட்டினார்கள். பாடகர் குழு எழுந்து நின்றது.

குறட்டை நின்றது.

"பாத்தியா சிஸ்டர், எவ்வளவு அமைதியாப் படுத்திருக்கா! தொடாத. ஆண்டவர் கையில இருக்கா" என்றாள் பியூலா.

ஒரு பாடல் முடிந்தது. இரண்டாம் பாடலின் நடுவில் வெர்னெட்டா, முறைக்கு மாறாக, ஒரு கையுறையைக் கழற்றி மகளின் நெற்றியைத் தொட்டாள்.

நெற்றி குளிர்ந்திருந்தது. உதடுகள் சாம்பல் பூத்திருந்தன.

சாம்பல். சென்ற மாதம் சுகாதார அலுவலகத்துப் பெண் ஒருத்தி, ஆலயத்தின் கீழ்த்தளத்துச் சமையற்கூடத்தில் ஒரு மணிநேரம் பேசினாள். மூச்சு அடங்குகிறதா என்று பார்க்க, நம் தோலில் நீலத்தைத் தேடாதீர்கள், சாம்பலைத் தேடுங்கள் என்றாள். குறட்டையைப் பற்றியும் ஏதோ சொன்னாள். வெர்னெட்டா அப்போது கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அலறல் ஆர்கனை நிறுத்தியது. போதகர் மேடையிலிருந்து இறங்கிவந்து ஜனாயாவின் கன்னத்தைத் தட்டினார். யாரோ ஆம்புலன்சை அழைத்தார். சபை ஊழியரான டீக்கன் அமோஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மூக்குல அடிக்கிற மருந்து! அந்தப் பொண்ணு பொட்டி நெறையக் குடுத்துட்டுப் போனாளே, கீழ அலமாரியிலதான இருக்கு? சாவியக் குடு சிஸ்டர், சீக்கிரம்!"

போதையால் அடங்கும் மூச்சை மீட்கும் மருந்து. நாற்பது குப்பிகள். ஒன்றே போதும்.

அலமாரியின் சாவி வெர்னெட்டாவின் கழுத்தில் தொங்கியது. அவள் கை எழவில்லை. டீக்கனே அதை அறுத்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினார்.

திங்கட்கிழமை, மகளின் காலணிக்குள் புதினா மிட்டாய் டப்பா ஒன்றை அவள் கண்டாள். உள்ளே ஐந்து நீல மாத்திரைகள் இருந்தன. கழிப்பறையில் கொட்டி நீரைத் திறந்துவிட்டாள். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மருந்துப் பெட்டியைத் திருப்பி அனுப்பினாள். அது அலமாரியில் இருந்தால், யார் வீட்டுப் பிள்ளைக்காக என்று என்றேனும் ஒருவர் கேட்பார். 'எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு இது தேவைப்படாது' என்று முத்துமுத்தாக எழுதி, கையெழுத்திட்டு, உள்ளே வைத்திருந்தாள்.

கீழே, அலமாரிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

வெர்னெட்டா குனிந்து, விலகியிருந்த துணியை இழுத்து, மகளின் கால்களை மீண்டும் மூடினாள்.