இரண்டாவது பேசின்

"இது வேண்டாம். ஆழம் ஜாஸ்தி" என்று அந்தப் பிளாஸ்டிக் பேசினைத் திரும்பக் கடை அடுக்கிலேயே வைத்தார் கிளிஃபர்ட்.

இது நாலாவது. லீட்ஸிலிருந்து அப்பா அம்மாவைப் பார்க்க வந்திருந்த ஹேசலுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"பாத்திரம் கழுவுற பேசின்தானேப்பா? சிங்க்குக்குள்ள உட்கார்ந்தாப் போதாதா?"

"சதுரமா இருந்தா மூலையில கரண்டி மாட்டிக்கும். உங்கம்மா ஒத்தைக் கையால துழாவணும். வெள்ளையும் வேண்டாம். உள்ள கிடக்கிற தட்டு கண்ணுக்குத் தெரியாது."

ஹேசல் அப்படியே நின்றுவிட்டாள். ஏழு மாதம் முன்னால் பக்கவாதம் வந்து அம்மாவின் வலது கை விழுந்துவிட்டது. இடது கை ஒன்றுதான் மிச்சம்.

"அம்மாவா பாத்திரம் கழுவுறா? இன்னுமா?"

"பின்னே யாரு?"

ஆழமில்லாத, வட்டமான, சிவப்பு பேசின் ஒன்று ஒருவழியாக அவருக்குப் பிடித்தது. அதில் இரண்டு எடுத்தார்.

"ரெண்டு எதுக்கு?"

"இருக்கட்டும்."

வரிசையில் பின்னால் ஆள் நின்றதால் ஹேசல் வாயை மூடிக்கொண்டாள். இரண்டையும் கார் பின்சீட்டில் போட்டு வீட்டுக்கு ஓட்டினாள்.

மதியம் பொரித்த முட்டையும் உருளை வறுவலும். சாப்பிட்டதும் கிளிஃபர்ட் புது பேசினை சிங்க்கில் வைத்து, வெந்நீர் பிடித்து, சோப்பைப் பீய்ச்சினார். அதோடு தன் கடமை முடிந்தது என்பது போல நாற்காலிக்குப் போய் பேப்பரை விரித்துவிட்டார்.

அம்மா பெரில் மேடையில் இடுப்பைச் சாய்த்து நின்று, தட்டை பேசின் விளிம்பில் அண்டக் கொடுத்து, இடது கையால் தேய்க்க ஆரம்பித்தாள். தட்டு ஓரத்தில் மஞ்சள் கரு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடேயே எடுத்து ஒதுக்கி வைத்தாள். ஹேசல் எழுந்து சிங்க் பக்கம் போனாள்.

"தள்ளும்மா, நான் கழுவுறேன்."

"நீ தள்ளு. இது என் அடுப்படி."

"அவளை விடு ஹேசல். அவளே பண்ணுவா" என்றது பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல்.

அவ்வளவுதான், ஹேசல் வெடித்துவிட்டாள்.

"பண்ணுவா, பண்ணுவா! நாப்பத்தெட்டு வருஷமா பண்ணிக்கிட்டேதானே இருக்கா? டிஷ்வாஷர் வாங்கித் தரேன்னேன், வேண்டாம்னுட்டீங்க. ஒரு நாளாவது நீங்க ஒரு கப் கழுவியிருக்கீங்களா?"

கிளிஃபர்ட் பேப்பரை மடித்தார். "டீ போடட்டுமா கண்ணு?"

"டீ கிடக்கட்டும்! அம்மாவை இன்னிக்கே லீட்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க யாரும் அவளை வேலை வாங்க மாட்டாங்க. பெட்டி எங்க இருக்கு?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கராஜ்ல... இரு, நான் எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம், நீங்க உட்காருங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லா வருது!"

தோட்டத்தைத் தாண்டிப் போய் கராஜ் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றாள்.

அப்பாவின் ஆணி, சுத்தியல் எல்லாம் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. மேசை நடுவில் விரிசல் விட்ட பழைய பேசின். பக்கத்தில் பெரிய கைக்கு ஏற்ற ரப்பர் கையுறை. வலது பக்கம் காலையில் அம்மா கழுவிய தட்டுகள், முட்டைக் கறையோடு. இடது பக்கம் பளபளவென்று நாலு கப்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த கிளிஃபர்ட் கதவைச் சாத்தினார்.

"மெல்லப் பேசு. அவளுக்குக் கேட்டுடப் போகுது."

"என்னப்பா இது?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்ப சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா. ஒரு நாள் தானா எழுந்து போய் ஒரு கப்பைக் கழுவினா. கழுவிட்டுச் சிரிச்சா. அதுல அழுக்கு அப்படியே இருக்குன்னு நான் எப்படிச் சொல்வேன்? அவ டிவில வினாடி வினா பார்க்கிற நேரத்துல இங்க கொண்டு வந்து, திரும்பக் கழுவி, அலமாரில வெச்சுடறேன். இந்த பேசின் ஒழுகுது. அதான் ரெண்டு வாங்கினேன்."

ஹேசலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"அவளைக் கூட்டிட்டுப் போயிடாத கண்ணு" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

பெட்டி இல்லாமல் ஹேசல் சமையலறைக்குத் திரும்பினாள். பெரில் இடது கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பெட்டி எங்க?"

"கிடைக்கலைம்மா."

பெரில் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக கராஜ் பக்கம் ஒரு பார்வை. குரலைத் தாழ்த்தினாள்.

"மேசையைப் பார்த்துட்டியாக்கும்?"

ஹேசல் திடுக்கிட்டாள். "உனக்குத் தெரியுமா?"

"நான் அடுக்குற அலமாரிடி அது. நான் நிமிர்த்தி வைக்கிற கப்பை அவர் கவுத்து வெச்சா எனக்குத் தெரியாதா? எனக்கு இப்படி ஆனதும் அந்த கராஜ்லதான் கதவைச் சாத்திக்கிட்டு அழுவார். இந்த வேலை கிடைச்சப்புறம்தான் உள்ளேருந்து விசில் சத்தம் கேட்குது."

பெரில் ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முழுக்கப் பளிச்சென்று இருந்தது. திருப்தியில்லாமல் அதைக் கீழே வைத்து, பக்கத்துத் தட்டில் மிச்சமிருந்த மஞ்சள் கருவை விரலால் தொட்டு அதன் நடுவில் அழுத்தித் தேய்த்தாள்.

"ரெண்டு மாசமா எனக்கு நல்லாவே கழுவ வருது ஹேசல். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே."